அமெரிக்காவில் துப்பாக்கிச் சட்டங்கள் இறுக்கப்பட வேண்டுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், ஊரிலிருந்து அவர்களை நினைத்துக் கவலைப்படும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சட்டங்கள் இறுக்கப்பட வேண்டும், அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. ஆனால் எந்தச் சட்டங்கள் முதலில் வர வேண்டும் என்று கேட்டால், தொலைக்காட்சி விவாதங்களில் அடிபடும் வரிசை வேறு, என் வரிசை வேறு.

வருடத்துக்கு எத்தனை பேர் துப்பாக்கியால் சாகிறார்கள்?

2023-இல் 46,728 பேர். இறப்புச் சான்றிதழ்களை வைத்து, சி.டி.சி. எனப்படும் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தரும் கணக்கு இது. 2021-இல் 48,830 வரை போனது; பெருந்தொற்றுக் காலத்தில் எகிறிய கொலைகள் பிறகு இறங்கத் தொடங்கின.

இந்த 46,728 பேரில் 27,300 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையுண்டவர்கள் 17,927 பேர். மீதிப்பேர் பெரும்பாலும் விபத்திலும் போலீஸ் துப்பாக்கியாலும் இறந்தவர்கள். பள்ளியிலும் கடைத்தெருவிலும் வழிபாட்டு இடத்திலும் கூட்டத்தை நோக்கிச் சுடும் சம்பவங்களில் இறப்பவர்கள், எந்த அளவுகோலை வைத்து எண்ணினாலும், மொத்தத்தில் நூற்றுக்கு ஓரிருவர்தான். அவர்களுக்காக நாடே அழுகிறது, அழ வேண்டியதுதான். மற்றவர்களில் பலர் உள்ளூர்ச் செய்தியில்கூட வராமல் போகிறார்கள். என் கருத்துகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன.

இன்னொரு செய்தி. 2020 முதல், 1 வயதிலிருந்து 19 வயது வரை உள்ள அமெரிக்கப் பிள்ளைகளின் மரணத்துக்கு முதல் காரணம் துப்பாக்கி. அதற்கு முன் பல பத்தாண்டுகளாக அந்த இடத்தில் சாலை விபத்துகள் இருந்தன. சீட் பெல்ட், குழந்தை இருக்கை, ஏர் பேக், இளம் ஓட்டுநர்களுக்குப் படிப்படியான லைசென்ஸ் என்று ஒவ்வொன்றாகச் சட்டம் போட்டு அதைக் குறைத்தார்கள். காரை யாரும் தடை செய்யவில்லை.

அங்கே சட்டமே இல்லையா?

இருக்கிறது. 1934-இல் மெஷின் கன்னுக்கும் குழல் வெட்டிய ஷாட்கன்னுக்கும் பதிவும் 200 டாலர் வரியும் வந்தன. மது விலக்குக் காலத்துக் கொள்ளைக் கும்பல்களின் அட்டகாசம் அதற்குக் காரணம். 1963-இல் கென்னடியும் 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்ட பிறகு, 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தபாலில் துப்பாக்கி வாங்குவதை நிறுத்தியது. கடும் குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் வைத்திருக்கக் கூடாது என்றது. 1981-இல் அதிபர் ரீகன் மீது நடந்த கொலை முயற்சியில் தலையில் குண்டு பாய்ந்து முடங்கிப்போன அவருடைய செய்தித் தொடர்பாளர் ஜேம்ஸ் பிரேடியின் பெயரால் 1993-இல், துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்க வேண்டும் என்ற சட்டம் வந்தது. 1994-இல் ராணுவ பாணித் துப்பாக்கிகளில் பலவற்றுக்கும், 10 தோட்டாக்களுக்கு மேல் கொள்ளும் புதிய மேகசின்களுக்கும் (துப்பாக்கியில் பொருத்தும் தோட்டாக் கூடுகள்) பத்தாண்டுத் தடை வந்து, 2004-இல் காலாவதியானது.

இதன்பிறகு கூட்டாட்சி அளவில் குறிப்பிடத்தக்க கட்டுப்பாட்டுச் சட்டம் என்று வந்தது 2022 ஜூனில்தான். இடையில் 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் பள்ளியில் 20 சிறு குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். அப்போதும் ஒன்றும் நிறைவேறவில்லை.

மாநிலங்களின் கதை தனி. மாசசூசெட்ஸில் போலீஸ் நிலையத்தில் விண்ணப்பித்து, பயிற்சி முடித்து, லைசென்ஸ் வாங்கிய பிறகுதான் துப்பாக்கி. நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களிலோ, எந்த அனுமதிச் சீட்டும் இல்லாமல் ஆடைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு வெளியே போகலாம்.

அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் இருக்கும்போது சட்டம் போடவே முடியாது என்கிறார்களே?

அது சரியில்லை. 1791-இல் ஏற்கப்பட்ட அந்த ஒரே வாக்கியம், ஒழுங்கமைந்த குடிப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்கு அவசியம் என்று தொடங்கி, மக்கள் ஆயுதம் வைத்திருக்கும் உரிமை மீறப்படக் கூடாது என்று முடிகிறது. குடிப்படைக்கான உரிமையா, தனிமனித உரிமையா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தொங்கிக் கிடந்தது. 2008-இல் ஹெல்லர் வழக்கில், வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் சொன்னது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா நாடறிந்த பழமைவாதி. அவரே அதே தீர்ப்பில், இந்த உரிமை எல்லையற்றது அல்ல, குற்றவாளிகளுக்கும் பள்ளி போன்ற இடங்களுக்கும் உள்ள தடைகளை இது அசைக்காது என்று எழுதினார்.

2022-இல் வந்த புரூவன் தீர்ப்புதான் உண்மையான இடைஞ்சல். துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்லச் சிறப்புக் காரணம் காட்ட வேண்டும் என்ற நியூயார்க்கின் நூறாண்டுப் பழமையான சட்டத்தை அது ரத்து செய்தது. அத்துடன், எந்தக் கட்டுப்பாடாக இருந்தாலும் நாட்டின் வரலாற்று மரபில் அதற்கு முன்மாதிரி காட்ட வேண்டும் என்று புதிய அளவுகோலையும் வைத்தது. மனைவியை அடிப்பது குற்றமாகவே கருதப்படாத காலத்தில், அடிப்பவனிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கும் சட்டத்துக்கு முன்மாதிரி எங்கே கிடைக்கும்? ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்தக் காரணத்தைச் சொல்லி அப்படிப்பட்ட சட்டத்தையே செல்லாது என்றது. நல்லவேளையாக 2024-இல் ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-1 என்று அதைத் திருத்தியது: பிறருக்கு ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கண்டவரிடமிருந்து ஆயுதத்தை விலக்கி வைக்கலாம்.

ஆக, உரிமை இருக்கிறது. அதற்கு எல்லை போடவும் இடம் இருக்கிறது. எந்த அளவுக்கு என்பதுதான் நீதிமன்றங்களில் இன்றும் நடக்கும் சண்டை.

கடையில் வாங்கும்போது சோதனை செய்கிறார்களே, அது போதாதா?

2007 ஏப்ரல் 16-ஐ நினைத்துப் பாருங்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவன் 32 பேரைக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர் பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியிலும் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும் படித்து, நீர்வளப் பொறியியல் கற்பித்தவர். வகுப்பறையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது சுடப்பட்டார்.

சுட்டவன் தனக்கே ஆபத்தானவன் என்று 2005-இலேயே ஒரு வர்ஜீனியா நீதிமன்றம் முடிவு செய்து, சிகிச்சைக்குப் போகச் சொல்லி உத்தரவிட்டிருந்தது. கூட்டாட்சிச் சட்டப்படி அவனுக்குத் துப்பாக்கி விற்றிருக்கக் கூடாது. ஆனால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களின் பெயர்களை மட்டுமே மாநிலம் அனுப்பிக்கொண்டிருந்தது. வெளிநோயாளியான இவன் பெயர் சோதனைப் பட்டியலில் ஏறவே இல்லை. இரண்டு கைத்துப்பாக்கிகளையும் சட்டப்படி, சோதனையில் தேறி வாங்கினான். அதன்பிறகுதான் மாநிலங்கள் ஆவணங்களை ஒழுங்காக அனுப்ப நிதி ஒதுக்கும் சட்டம் 2008 ஜனவரியில் வந்தது.

அடுத்த ஓட்டை, மூன்று நாள் விதி. மூன்று வேலை நாட்களுக்குள் எஃப்.பி.ஐ. பதில் சொல்லாவிட்டால் கடைக்காரர் விற்றுவிடலாம். 2015-இல் சார்ல்ஸ்டன் நகர தேவாலயத்தில் வேதபாட வகுப்பில் இருந்த 9 கறுப்பினத்தவரைக் கொன்றவன் அப்படித்தான் வாங்கினான். அவனுடைய கைது ஆவணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நாள் கடந்துவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை: சோதனை செய்யும் கடமை உரிமம் பெற்ற வியாபாரிக்குத்தான். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய துப்பாக்கியை இணையத்தில் விளம்பரம் செய்து, வாகன நிறுத்துமிடத்தில் வைத்து ஒருவருக்கு விற்றால், கூட்டாட்சிச் சட்டப்படி எந்தச் சோதனையும் தேவையில்லை. சில மாநிலங்கள் மட்டும் இதை அடைத்திருக்கின்றன. 2017-இல் வெளிவந்த ஒரு தேசிய ஆய்வில், அண்மையில் துப்பாக்கி பெற்றவர்களில் 22 விழுக்காட்டினர் சோதனை இல்லாமலே பெற்றதாகச் சொன்னார்கள். ஐந்தில் ஒருவருக்கு மேல்.

குற்றம் நடந்த இடத்தில் கிடைத்த துப்பாக்கி யாருடையது என்று போலீஸ் கணினியில் தேட முடியாதா?

முடியாது. பலர் நம்ப மறுக்கும் உண்மை இது. துப்பாக்கி உரிமையாளர்களின் மத்தியப் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் நடப்பது என்னவென்றால், மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள மையத்துக்கு போலீஸ் துப்பாக்கியின் வரிசை எண்ணை அனுப்புகிறது. மையத்தில் இருப்பவர்கள் தயாரிப்பாளருக்குப் போன் செய்கிறார்கள். அவர் மொத்த வியாபாரியைக் காட்டுகிறார், அவர் சில்லறைக் கடையைக் காட்டுகிறார், கடைக்காரர் 4473 என்ற காகிதப் படிவத்தைத் தேடி எடுத்து, முதலில் வாங்கியவர் பெயரைச் சொல்கிறார். கடை மூடப்பட்டிருந்தால் அதன் ஆவணங்கள் பெட்டி பெட்டியாக இதே மையத்தில்தான் கிடக்கும். அவற்றைப் படமாக ஸ்கேன் செய்யலாம். பெயரைத் தட்டித் தேடும் வசதி செய்யக் கூடாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். முதலில் வாங்கியவருக்குப் பிறகு அது யார் யார் கைக்குப் போனது என்பதற்குப் பெரும்பாலும் தடயமே இல்லை.

உதிரிப் பாகங்களாக வாங்கி வீட்டில் பொருத்தும், வரிசை எண்ணே இல்லாத 'பேய்த் துப்பாக்கி'களுக்கு இந்த வழியும் கிடையாது. அந்தப் பாகத் தொகுப்புகளுக்கும் எண்ணும் சோதனையும் வேண்டும் என்ற 2022-ஆம் ஆண்டு விதியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 7-2 என்று ஏற்றது.

ஏஆர்-15 போன்ற ராணுவ பாணி ரைஃபிள்களைத் தடை செய்தால் பாதிப் பிரச்சினை தீருமே?

தீராது. எந்த வகைத் துப்பாக்கி என்று பதிவான கொலைகளில் ரைஃபிளின் பங்கு மிகச் சிறியது, பெரும்பகுதி கைத்துப்பாக்கி. தற்கொலையிலும் அப்படியே. தடை கேட்பவர்களின் வேதனை எனக்குப் புரிகிறது. 2022-இல் யுவால்டி பள்ளியில் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியர்களையும் கொன்றவன், 18 வயது நிறைந்த சில நாட்களில் அந்த வகைத் துப்பாக்கியைக் கடையில் சட்டப்படி வாங்கியவன். 18 வயதுப் பையனுக்கு பீர் விற்காத கடைத்தெருவில் அதை விற்றார்கள். வாங்கும் வயதை 21 ஆக்குவதை நான் தயங்காமல் ஆதரிக்கிறேன்.

முழுத் தடையைவிட மேகசின் அளவுக்கு வரம்பு வைப்பது பலன் தரும் என்று நினைக்கிறேன். 2011-இல் டூசானில் நாடாளுமன்ற உறுப்பினர் கேபி கிஃபர்ட்ஸைச் சுட்டவன் வைத்திருந்தது 33 தோட்டாக்கள் கொண்ட மேகசின். அது தீர்ந்து அடுத்ததை மாற்ற முயன்ற நொடியில்தான் சுற்றியிருந்தவர்கள் அவனை மடக்கினார்கள். அதற்குள் ஒன்பது வயதுச் சிறுமி உட்பட ஆறு பேர் உயிருக்கு ஆபத்தான காயம் பட்டு இறந்துபோனார்கள். 10 தோட்டாக்களோடு அந்த நொடி எவ்வளவு முன்னால் வந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சாக முடிவெடுத்தவர் துப்பாக்கி இல்லாவிட்டால் வேறு வழி தேட மாட்டாரா?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமான கேள்வி இதுதான். பெரும்பாலானோர் தேடுவதில்லை என்பதே ஆய்வுகளின் விடை.

தற்கொலை எண்ணம் பலருக்கும் அலைபோல எழுந்து அடங்குவது. சில நிமிடம், சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது என்ன என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. துப்பாக்கியால் முயன்றவர்களில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைப்பதில்லை. மற்ற வழிகள் பலவற்றில் பிழைப்பவர்களே மிக அதிகம். ஒரு முயற்சியில் பிழைத்தவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை, வாழ்ந்து முடிக்கிறார்கள்.

நம்மவர்களுக்கு இது தெரிந்த பாடம். 1990-களின் நடுவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருந்தது. வீட்டு மூலையில் இருந்த கொடிய பூச்சிமருந்துகளே பல உயிர்களை எடுத்தன. அந்த மருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 விழுக்காடு சரிந்தது. ஏழ்மையும் கடனும் குடும்பச் சண்டையும் தீர்ந்துவிட்டதாலா? போர்கூட 2009 வரை நடந்தது. கைக்கெட்டிய கொல்லும் பொருள் அகன்றது, உயிர்கள் தப்பின. இஸ்ரேல் ராணுவம் வார இறுதியில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் ரைஃபிளை முகாமிலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று 2006-இல் மாற்றியதும் வீரர்களின் தற்கொலை 40 விழுக்காடு குறைந்தது.

ஆகவே பூட்டும் காத்திருப்புக் காலமும் சின்ன விஷயங்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. வருடம் 27,000 பேர்.

இதைப் படிக்கும் உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ அப்படியான எண்ணம் இருந்தால், அமெரிக்காவில் எந்த நேரத்திலும் 988 என்ற எண்ணை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வீட்டில் துப்பாக்கி இருந்தால், மனம் தெளியும்வரை வேறொருவர் பொறுப்பில் வெளியே வைப்பது உயிர் காக்கும்.

குற்றவாளிகள் சட்டத்தை மதிப்பதில்லையே, பிறகு சட்டம் எதற்கு? சிகாகோவைப் பாருங்கள்!

பார்ப்போம். குற்றம் நடந்த இடங்களில் கைப்பற்றிய துப்பாக்கிகள் எங்கிருந்து வந்தன என்று சிகாகோ நகரம் 2017-இல் வெளியிட்ட அறிக்கையில், 60 விழுக்காடு வெளி மாநிலங்களில் முதலில் விற்கப்பட்டவை. ஐந்தில் ஒன்று இந்தியானாவிலிருந்து வந்தது. அந்த மாநில எல்லை நகரத்திலிருந்து கூப்பிடு தூரம். சிகாகோ காட்டும் பாடம் சட்டம் தோற்றது என்பதன்று. ஒரு மாநிலம் மட்டும் கதவைச் சாத்திப் பயனில்லை என்பதே. கூட்டாட்சிச் சட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்பதன் காரணமும் அதுதான்.

குற்றவாளி கையில் இருக்கும் துப்பாக்கியும் ஒருநாள் ஏதோ ஒரு கடையில் சட்டப்படி விற்கப்பட்டதுதான். தடை செய்யப்பட்டவருக்காக வேறொருவர் படிவத்தில் கையெழுத்திட்டு வாங்கிக் கொடுப்பது, திருட்டு, சோதனையற்ற தனியார் விற்பனை என்று சில வாய்க்கால்கள் வழியேதான் அது வெளியேறுகிறது. சட்டம் அடைக்க வேண்டியது அந்த வாய்க்கால்களை.

தற்காப்புக்கு வேண்டாமா? போலீஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் ஊர்களும் இருக்கின்றனவே?

நியாயமான கவலை, அதை ஏளனம் செய்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மொன்டானாவில் பண்ணை வீட்டில் தனியாக வாழும் பெண்ணுக்கு ஷெரிஃப் வந்து சேரும்வரை காக்க யாரும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை முறை தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்படுகிறது என்பதில் அரசுக் கணக்கெடுப்பு சில பத்தாயிரங்கள் என்கிறது. 1995-இல் வந்த ஒரு ஆய்வு 25 லட்சம் என்றது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் கேள்வி கேட்ட விதம். மிகக் குறைவானவர்களுக்கே நடக்கும் ஒன்றைச் சில ஆயிரம் பேரிடம் போனில் கேட்டு நாடு முழுவதற்கும் பெருக்கினால், சிறு பிழையும் லட்சங்களாக வீங்கும். ஆகவே அரசுக் கணக்கையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆனால் லைசென்ஸும் பயிற்சியும் பூட்டும் அந்த மொன்டானாப் பெண்ணின் துப்பாக்கியைப் பறிக்கவில்லை. விரல் ரேகையால் நொடியில் திறக்கும் பெட்டகங்கள் கடையில் கிடைக்கின்றன. வீட்டில் துப்பாக்கி இருப்பது அங்கே வாழ்பவர்களின் தற்கொலை ஆபத்தையும் கொலையுறும் ஆபத்தையும் கூட்டுகிறது என்று ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியிருக்கின்றன. பெண்களுக்கு அந்த ஆபத்து பெரும்பாலும் வெளியே இருந்து வரும் திருடனிடமிருந்து வருவதில்லை.

மனநோயாளிகள்தானே சுடுகிறார்கள்?

இல்லை. மனநோய் உலகம் முழுவதும் இருக்கிறது, இந்த அளவு துப்பாக்கிச் சாவு மற்ற வளர்ந்த நாடுகளில் இல்லை. தீவிர மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பான்மையினர் யாரையும் தாக்குவதில்லை. நோயின் பெயரைப் பார்ப்பதைவிட ஆபத்தான நடத்தையைப் பார்ப்பதே பயன் தரும்: மிரட்டல், வீட்டு வன்முறை, தற்கொலைப் பேச்சு. 'ரெட் ஃபிளாக்' சட்டங்கள் அதைத்தான் செய்கின்றன. குடும்பத்தாரோ போலீஸோ நீதிபதியிடம் ஆதாரம் காட்டினால், குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கியை வாங்கி வைக்கலாம். கனெக்டிகட் 1999-இல் தொடங்கியது. இப்போது 20-க்கும் மேற்பட்ட மாநிலங்களில் உண்டு. 2018-இல் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் இறந்த சில வாரங்களில், குடியரசுக் கட்சி ஆளும் ஃபுளோரிடாவே இதை நிறைவேற்றியது. கூடவே வாங்கும் வயதை 21 ஆக்கி, மூன்று நாள் காத்திருப்பையும் கொண்டுவந்தது.

கறுப்பின மக்களில் சிலர் ஏன் இந்தச் சட்டங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள்?

அனுபவம்தான் காரணம். உள்நாட்டுப் போர் முடிந்ததும் தென் மாநிலங்கள் விடுதலை பெற்ற அடிமைகள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டன. 1956-இல் வீட்டின் மீது குண்டு வீசப்பட்ட பிறகு மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி அனுமதிக்கு விண்ணப்பித்தார். அலபாமா அதிகாரிகள் மறுத்தார்கள். 1967-இல் கலிஃபோர்னியாவில் பிளாக் பேந்தர் இயக்கத்தினர் வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தியதும், அதைத் தடுக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அன்றைய ஆளுநர் ரீகன். அதே சமூகம்தான் இன்று துப்பாக்கிக் கொலைகளில் மிகக் கொடிய பங்கைச் சுமக்கிறது. ஆகவே, அனுமதி தருவதை ஒரு அதிகாரியின் மனம்போன போக்குக்கு விடும் சட்டங்களை நான் ஏற்கமாட்டேன். விதி எழுத்தில் இருக்க வேண்டும், எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும், கட்டணம் ஏழைக்கும் எட்ட வேண்டும்.

ஆஸ்திரேலியா செய்ததை அமெரிக்காவும் செய்யலாமே?

அப்படியே செய்ய முடியாது. 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும், பழமைவாதப் பிரதமர் ஜான் ஹோவர்ட் சுமார் 6,50,000 துப்பாக்கிகளைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கினார். 2017 நிலவரப்படி அமெரிக்கப் பொதுமக்களிடம் உள்ளவை சுமார் 39 கோடி, மக்கள்தொகையைவிட அதிகம். போதாததற்கு அரசியல் சாசன உரிமையும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, லைசென்ஸ், பதிவு, காத்திருப்பு, பூட்டி வைத்தல் என்ற அன்றாட விதிகளை.

மக்களில் பெரும்பாலோர் ஆதரித்தும் ஏன் நிறைவேறுவதில்லை?

எல்லா விற்பனைக்கும் சோதனை வேண்டும் என்பதைப் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரிக்கிறார்கள், துப்பாக்கி வைத்திருப்பவர்களையும் சேர்த்து. சாண்டி ஹூக்குக்குப் பிறகு 2013 ஏப்ரலில் இரு கட்சி உறுப்பினர்கள் கொண்டுவந்த சோதனை மசோதா செனட்டில் 54 வாக்குகள் பெற்றது, செனட் விதிப்படி வேண்டியது 60. ஆறு லட்சம் பேர் கூட இல்லாத வயோமிங்குக்கும் நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் இரண்டிரண்டு இடம்தான்.

அடுத்த காரணம், துப்பாக்கிச் சட்டங்களை எதிர்க்கும் தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ. 1871-இல் குறிபார்த்துச் சுடும் பயிற்சிக்காகத் தொடங்கிய சங்கம் அது. 1934-இல் அதன் தலைவர் நாடாளுமன்றக் குழு முன், கண்டபடி துப்பாக்கி சுமந்து திரிவதில் தனக்கு நம்பிக்கை இல்லை, அதற்குக் கடும் கட்டுப்பாடும் லைசென்ஸும் வேண்டும் என்று சாட்சி சொன்னார். 1977-இல் சின்சினாட்டி மாநாட்டில் தீவிரப் பிரிவினர் தலைமையைக் கைப்பற்றிய பிறகு அந்தச் சங்கத்தின் முகம் மாறியது.

ஆய்வையே நிறுத்தியது இன்னொரு கொடுமை. 1996-இல் ஜே டிக்கி என்ற ஆர்கன்சா உறுப்பினர் கொண்டுவந்த திருத்தத்தால், துப்பாக்கிச் சாவு பற்றிய ஆய்வுக்கு சி.டி.சி. பணம் தருவது இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய நின்றுபோனது. பின்னாளில் டிக்கியே ஆய்வு நடக்க வேண்டும் என்று எழுதினார். 2019 இறுதியில்தான் 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள்.

எந்தச் சட்டங்கள் உண்மையில் பலன் தருகின்றன?

முதலிடம் நான் தருவது வாங்குவதற்கு லைசென்ஸ் கேட்கும் சட்டத்துக்கு. மிசௌரியில் கைத்துப்பாக்கி வாங்க ஷெரிஃபிடம் நேரில் போய் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2007-இல் அதை நீக்கினார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் பார்த்தபோது, அதன்பிறகு அங்கே துப்பாக்கிக் கொலை விகிதம் உயர்ந்திருந்தது. 1995-இல் இதே சட்டத்தைக் கொண்டுவந்த கனெக்டிகட்டில் இறங்கியிருந்தது.

இரண்டாவது, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்கும் கடமை. ரேண்ட் ஆய்வு நிறுவனம் நூற்றுக்கணக்கான ஆய்வுகளைச் சலித்து வெளியிட்ட மதிப்பீட்டில், மிக வலுவான ஆதாரம் உள்ள சட்டங்களில் இது ஒன்று: இளையோர் தற்கொலையும் தவறுதலாகச் சுட்டுக்கொள்வதும் குறைகின்றன. பள்ளியில் துப்பாக்கியால் தாக்கியவர்களில் சுமார் முக்கால்வாசிப்பேர் அதைப் பெற்றோர் அல்லது உறவினர் வீட்டிலிருந்து எடுத்தவர்கள் என்று, அதிபரின் பாதுகாப்பைக் கவனிக்கும் சீக்ரெட் சர்வீஸ் 2019-இல் சொன்னது. 2021-இல் மிச்சிகனின் ஆக்ஸ்ஃபர்ட் பள்ளியில் நான்கு மாணவர்களைக் கொன்ற 15 வயதுப் பையனின் பெற்றோர் இருவரும் 2024-இல் தண்டனை பெற்றார்கள். ஆனால் நான்கு குடும்பங்கள் பிள்ளையை இழந்த பிறகு வரும் தண்டனையைவிட முன்னால் போட்ட ஒரு பூட்டு மேல்.

மாநிலங்களை ஒப்பிட்டால், 2022-இல் லட்சம் பேருக்குத் துப்பாக்கிச் சாவு மிசிசிப்பியில் சுமார் 30, மாசசூசெட்ஸில் 4-க்கும் கீழே. வறுமையும் கிராமப்புறத் தனிமையும் இந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு. முழுவதும் அவைதான் என்று என்னை யாராலும் நம்பவைக்க முடியாது.

எச்-1பி விசாவில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா? நண்பர்களோடு சுடும் பயிற்சிக்களத்துக்குப் போகலாமா?

எச்-1பி, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. பயிற்சிக்களத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சிக்கக் கூடும். ஃபுளோரிடாவில் படிப்பை இழந்து, மாணவர் விசாத் தகுதியும் போன ஓர் அமீரக இளைஞர் பயிற்சிக்களத்தில் சுட்டதற்காக வழக்கில் மாட்டி, அது 2019-இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. துப்பாக்கிக் குற்றம் நாடுகடத்தலில் முடியலாம். விளையாட்டாகப் போகாதீர்கள், முதலில் குடிவரவு வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்கள் மாநில விதிகளுக்கு உட்பட்டு வாங்கலாம்.

என் மகள் தோழி வீட்டுக்கு விளையாடப் போகிறாள். "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா" என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாதா?

ஆகாது. கேளுங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களே கேட்கச் சொல்கிறார்கள். பத்தில் நான்கு பேர் துப்பாக்கி உள்ள வீட்டில் வாழ்கிறார்கள். தோட்டா நிரப்பிப் பூட்டாமல் வைத்த வீடுகளில் சுமார் 46 லட்சம் குழந்தைகள் வளர்வதாக மதிப்பீடு. நாய் இருக்கிறதா, நீச்சல் குளத்துக்கு வேலி இருக்கிறதா, வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு என்று சொல்லும் அதே மூச்சில் கேட்டுவிடலாம்: "வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி இருக்குமா? எல்லா வீட்டிலும் கேட்பது எங்கள் வழக்கம்." பொறுப்பான உரிமையாளர் யாரும் இதற்குக் கோபப்படுவதில்லை, பலர் பெட்டகத்தையே காட்டுவார்கள். பதில் மழுப்பலாக இருந்தால், பிள்ளைகள் உங்கள் வீட்டில் விளையாடட்டும்.